குத்ரேமுக் போவதற்கு முன்: பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூரில் குடியிருக்கும் நான் கடந்த பதினொரு ஆண்டுகளில் குத்ரேமுக் தேசியப் பூங்காவுக்குப் பல முறை போய்வந்திருக்கிறேன். முதல் பயணம் முடிந்து வந்த வாரமே எதிர்வீட்டுக்காரர் விசாரிக்கத் தொடங்கினார். பிறகு அலுவலக நண்பர்கள், பொங்கல் விழாவில் சந்தித்தவர்கள், மைத்துனரின் கல்லூரித் தோழர்கள் என்று கேட்பவர்கள் பெருகினார்கள். கேள்விகள் மட்டும் மாறவில்லை. ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைத் தந்திருக்கிறேன். கட்டணத்தையும் நாள் வரம்பையும் வனத்துறை அவ்வப்போது மாற்றுவதால் தொகைகளை இங்கே குறிப்பிடவில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் எல்லாவற்றையும் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. எப்போது போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, எங்கே கால் வைப்பது ஆகிய எல்லாமே மழையையும் ஓடையையும் பார்த்துத்தான் முடிவாகின்றன. கீழே உள்ள பதில்களில் பாதி, சுற்றி வந்து தண்ணீரில்தான் நிற்கும்.

குத்ரேமுக்னா என்னங்க? எங்க இருக்கு, எவ்வளவு தூரம்?

கன்னடத்தில் 'குதுரே' என்றால் குதிரை. ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது சிகரம் குதிரை முகம்போலத் தெரிவதால் இந்தப் பெயர் வந்தது. சிகரத்தின் உயரம் ஏறத்தாழ 1,890 மீட்டர். அதைச் சுற்றியுள்ள சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடும் புல்வெளியும் 1987-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சிக்கமகளூரு, உடுப்பி, தட்சிண கன்னடம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பூங்கா பரவிக் கிடக்கிறது. 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இதுவும் ஒன்று.

பெங்களூரிலிருந்து ஹாசன், பேலூர், மூடிகெரே, கொட்டிகெஹாரா வழியாகக் கலசா என்னும் சிற்றூருக்குப் போகவேண்டும். ஏறத்தாழ 330 கிலோமீட்டர். மூடிகெரேக்குப் பிறகு சாலை வளைந்து வளைந்து போவதால், வரைபடம் காட்டும் நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கொட்டிகெஹாராவில் காலைச் சிற்றுண்டிக்கு நிறுத்தினால் நீர் தோசை சாப்பிடுங்கள். நம் வீட்டு ஆப்பத்துக்கும் தோசைக்கும் இடைப்பட்ட மென்மை அதில் இருக்கும்.

கார் இல்லாம பஸ்ல போக முடியுமா?

தாராளமாக முடியும். பெங்களூரு மெஜஸ்டிக் பேருந்து நிலையத்திலிருந்து கலசாவுக்கும் அருகிலுள்ள கோயில் ஊரான ஹொரநாட்டுக்கும் இரவுப் பேருந்துகள் உண்டு, விடியற்காலையில் இறங்கிவிடலாம். கலசாவிலிருந்து குத்ரேமுக் ஊருக்குச் செல்லும் சாலையில் சம்சே, பாலேகல் என்ற ஊர்கள் வரும். அங்கிருந்து மலையேற்றம் தொடங்கும் முல்லோடி கிராமம் வரை உள்ள மண்பாதையில் ஜீப் மட்டுமே ஏறும். சொந்தக் காரில் வருபவர்களும் காரைக் கீழே நிறுத்திவிட்டு அந்த ஜீப்பில்தான் போகவேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் சிறிய காரை ஏற்றிப் பார்த்துப் பாதியில் சிக்கிக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

எந்த மாசம் போனா நல்லது?

அக்டோபர் முதல் ஜனவரி வரை என்பது என் பதில். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, புல் இன்னும் பச்சையாக இருக்கும். ஓடைகளில் தண்ணீர் இருந்தாலும் கடக்க முடியும். காலையில் மூடும் பனி பத்து மணிக்குள் விலகிவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை படங்களில் பார்க்கும் அந்தப் பளபளக்கும் பச்சை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெங்களூரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 1,000 மில்லிமீட்டர். குத்ரேமுக்கில் அது 6,000-ஐத் தாண்டும். அதில் பெரும்பகுதி அந்த நான்கு மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கிறது. ஐந்தடி தள்ளி நிற்பவர் தெரியாத மூடுபனியில் ஆறு மணி நேரம் நனைந்துகொண்டே நடக்கத் தயாராக இருப்பவர்கள் மட்டும் போகலாம்; முதல்முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

பிப்ரவரி தொடங்கிக் கோடை முடியும் வரை மலையேற்றத்தைப் பொதுவாக நிறுத்திவிடுவார்கள். ஆள் உயரப் புல் காய்ந்து கிடக்கும் காலம் அது. ஒரு தீப்பொறி விழுந்தால் மலைச்சரிவு முழுவதும் எரிந்துவிடும் என்பதே காரணம்.

பர்மிட் வேணுமா? நேரா போய் டிக்கெட் வாங்கிக்கலாம்ல?

முன்பு அப்படித்தான் நடந்தது; இப்போது நடக்காது. 2024 ஜனவரியில் குடியரசு தின விடுமுறையின்போது கர்நாடகத்தின் குமாரபர்வத மலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் குவிந்தார்கள். அதன்பின் மாநில வனத்துறை சில மாதங்களுக்கு மலையேற்றங்களை நிறுத்திவைத்து, பிறகு 'ஆரண்ய விஹாரா' என்ற இணையதளத்தில் முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. வார இறுதி நாள்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

பதிவு செய்யும்போது தரும் அடையாள அட்டையையே கையில் கொண்டுபோகவேண்டும். அங்கே உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். அவர் இல்லாமல் மேலே விடமாட்டார்கள். ஹோம்ஸ்டேக்காரர்கள் பர்மிட்டையும் சேர்த்து ஏற்பாடு செய்வதாகச் சொன்னால், அனுமதிச் சீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள். சோதனைச் சாவடியில் நின்று தகராறு செய்வதால் எதுவும் ஆகாது.

எவ்வளவு நடக்கணும்? எனக்கு அம்பத்திரண்டு வயசு, என்னால முடியுமா?

போக வர சேர்த்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பெரும்பாலானவர்களுக்கு எட்டு முதல் ஒன்பது மணி நேரம் ஆகிறது. முல்லோடியிலிருந்து புறப்பட்டதும் வயல், காட்டு விளிம்பு, சிறு ஓடைகள் என்று பாதை மெதுவாகத் தொடங்கும். பிறகு 'ஒண்டி மரா' என்று உள்ளூரார் சொல்லும் ஒற்றை மரம் வரும். புல் மூடிய மேட்டில் அந்த ஒரு மரம் மட்டும் காற்றுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அங்கே உட்கார்ந்து உங்கள் முழங்காலைக் கேளுங்கள். அதுவரை வந்ததிலேயே மூச்சு வாங்குகிறது என்றால் அங்கிருந்து திரும்புவதில் எந்தக் குறையும் இல்லை. அந்த இடத்திலிருந்து தெரியும் காட்சியே பயணத்துக்குப் போதுமானது. அதற்கு மேலே முகடு முகடாக ஏறி, கடைசியில் ஒரு சோலைக்குள் செங்குத்தாக ஏறினால் சிகரம் வரும்.

வயது தடையில்லை, பழக்கமின்மைதான் தடை. அறுபது வயதுக்காரர் ஒருவர் தடுமாறாமல் ஏறி இறங்கியதையும், இருபத்தைந்து வயது இளைஞர் பாதியில் தசைப்பிடிப்பால் உட்கார்ந்ததையும் ஒரே நாளில் பார்த்தேன். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறுங்கள். ஸ்கந்தகிரி, சாவன்துர்கா போன்ற பெங்களூருக்கு அருகிலுள்ள குன்றுகளில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும் என்பதால் ஒரு கைத்தடி வைத்துக்கொள்வது நல்லது.

புலி, யானை எல்லாம் பாக்கலாமா? சஃபாரி இருக்கா?

பந்திப்பூர், நாகரஹொளே போல வண்டியில் உட்கார்ந்து விலங்கு பார்க்கும் சஃபாரி இங்கே கிடையாது. புலி, சிறுத்தை, கரடி, செந்நாய், கடமான், காட்டுமாடு எல்லாம் இந்தக் காட்டில் உண்டு; ஆனால் நடந்து போகிறவர் கண்ணில் அவை படுவது அரிது. விலங்கு பார்ப்பதுதான் நோக்கம் என்றால் வேறு காட்டுக்குப் போங்கள். குழந்தைகளிடம் 'புலி பார்க்கலாம்' என்று சொல்லி இங்கே அழைத்து வராதீர்கள்.

பார்க்கக் கிடைப்பவை வேறு. விடியற்காலையில் எதிர்ச்சரிவின் புல்லில் கரும்புள்ளிகள் மெல்ல நகர்ந்தால் அவை காட்டுமாடுகள். ஓடைக்கரைச் சேற்றில் குளம்புத் தடங்கள் பதிந்திருக்கும். மரக்கிளையில் செம்பழுப்பும் கறுப்புமாக, ஒரு முழத்துக்கும் நீண்ட வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு மலை அணில் உட்கார்ந்திருக்கும். காட்டுமாடு நேரே பாதையில் நின்றால் வழிகாட்டி சொல்லும்வரை அசையாமல் நில்லுங்கள். அதற்கு வழி விட்டால் அது தானாகப் போய்விடும்.

வால்பாறை, மூணாறு பக்கம் வரையாடு பாத்திருக்கோம். இங்கயும் இருக்குமா?

இருக்காது. புல்வெளியும் பாறையும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், வரையாடு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. வால்பாறையில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய இன்னொரு விலங்கு இங்கே உண்டு: சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு. கரிய உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை.

இந்தப் பூங்கா உருவானதே ஒருவகையில் சோலைமந்தியால்தான். 1980-களில் வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தில் இந்தக் குரங்கைக் கணக்கெடுத்தபோது, இங்கே நல்ல எண்ணிக்கையில் இருப்பதைக் கண்டு, பகுதியைப் பாதுகாக்கவேண்டும் என்று பரிந்துரைத்தார். தரையில் நடக்கும் நம் கண்ணுக்கு எளிதில் படாது. உயரமான மரக்கிளைகளில் பழம் தேடித் தாவிக்கொண்டிருக்கும். கிளை மறு கிளைக்குத் தொட்டுக்கொண்டிருக்கும்வரைதான் அதற்கு வாழ்க்கை.

மலை பூரா ஏன் வெறும் புல்லா இருக்கு? மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்களா?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. யாரும் வெட்டவில்லை, இந்த மலையின் இயல்பே அதுதான். மேலே காற்று வீசும் முகடுகளில் புல், இரண்டு சரிவுகள் கூடும் மடிப்புகளில் அடர்ந்த குறுங்காடு. உலகெங்கும் சூழலியல் நூல்களில் இந்தக் குறுங்காட்டுக்கு வழங்கும் பெயர் 'ஷோலா'. நம் 'சோலை' என்ற சொல்தான் அது. பிற மொழியினருக்கு அது கலைச்சொல். நமக்கோ வீட்டுச் சொல்.

வெயிலில் புல்மேட்டில் நடந்துவிட்டு ஒரு சோலைக்குள் நுழைந்து பாருங்கள். நான்கே அடியில் வெளிச்சம் குறையும், கழுத்து வியர்வை குளிரும், காற்றின் இரைச்சல் நின்று தண்ணீர் சொட்டும் ஒலி கேட்கத் தொடங்கும். மரப்பட்டை முழுவதும் பாசி. விரலால் அழுத்தினால் பிழிந்த துணிபோலத் தண்ணீர் வடியும். மேலே புல்லின் வேர்ப்பின்னல் பிடித்துக்கொண்ட மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, இந்தச் சோலைகளின் அடியில் ஊற்றாக வெளிப்படுகிறது. மழை நின்று பல மாதங்கள் கழித்தும் ஓடையில் நீர் ஓடுவது அதனால்தான்.

பூங்காவுக்குள் கங்காமூலா என்னும் இடத்தில் துங்கா, பத்ரா, நேத்ராவதி ஆகிய மூன்று ஆறுகள் பிறக்கின்றன. நேத்ராவதி மேற்கே மங்களூரு வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. துங்காவும் பத்ராவும் கூடலி என்ற ஊரில் இணைந்து துங்கபத்ராவாகி, கிருஷ்ணாவில் கலந்து, வங்காள விரிகுடாவுக்குப் போகின்றன. அந்தக் கிருஷ்ணா நீரில் ஒரு பங்கு தெலுங்கு கங்கைக் கால்வாய் வழியாகப் பூண்டி ஏரிக்கு வந்து சென்னைக்குக் குடிநீராகிறது. சென்னையில் சொந்தக்காரர் இருக்கும் ஒவ்வொருவரிடமும் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை. வெறும் புல் என்று நினைத்து அதன்மேல் குறுக்குவழி போட்டு நடந்தால், அடுத்த மழையில் அந்தத் தடமே வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். பாதையை விட்டு விலகாதீர்கள் என்று வழிகாட்டி சொல்வது இதற்காகத்தான்.

அட்டை கடிக்குமாமே, அதான் பயமா இருக்கு.

கடிக்கும். மழைக்காலத்திலும், மழை ஓய்ந்த பிறகு சில வாரங்களுக்கும் சோலைக்குள் நின்றீர்கள் என்றால் காலில் ஏறிவிடும். முதலில் நூல்போல இருக்கும். ஷூவின் மேல் நிமிர்ந்து நின்று தலையை அங்குமிங்கும் ஆட்டி வாடை பிடிக்கும். கடித்தது தெரியாது. சாக்ஸில் ஈரம் படர்வதைப் பார்த்துக் கீழே குனிந்தால், திராட்சை அளவுக்கு உப்பித் தொங்கிக்கொண்டிருக்கும்.

பிடித்து இழுக்காதீர்கள். தோலை ஒட்டி விரல் நகத்தைக் கொடுத்து, சிறிய முனையை முதலில் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது சுரக்கும் பொருளால் சிறிது நேரம் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். கழுவி, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினால் போதும். முழங்கால் வரை வரும் அட்டைச் சாக்ஸ் கிடைக்கிறது. உள்ளூரில் தேங்காயெண்ணெயில் மூக்குப்பொடி குழைத்துக் கணுக்காலில் தடவுவதும் பலனளிக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

பாம்பு கடிச்சா என்ன பண்றது?

கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கி மருத்துவமனைக்குப் போவது ஒன்றே வழி. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குத்தான் செய்யப்படுகிறது. இந்தக் காட்டில் வாழும் இராஜநாகத்துக்கும், கிளையிலும் பாறையிலும் சுருண்டிருக்கும் குழிவிரியன்களுக்கும் அது பொருந்தாது. எனவே கடிபடாமல் இருப்பதே மருத்துவம்: கை வைக்கும் இடத்தையும் கால் வைக்கும் இடத்தையும் பார்த்து வையுங்கள், ஏறும்போது கண்ணால் பார்க்காமல் மரக்கிளையைப் பற்றாதீர்கள்.

குரங்குக் காய்ச்சல்னு செய்தியில வந்துச்சே, அது இந்தப் பக்கம்தானா?

ஆம். 1957-இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் முதலில் கண்டறியப்பட்டதால் கியாசனூர் காட்டு நோய் என்று பெயர். சிக்கமகளூரு மாவட்டத்திலும் நோயாளிகள் உண்டு. குரங்குகளையும் தாக்கும் இந்த வைரஸ் உண்ணிகள் மூலம் மனிதருக்கு வருகிறது. டிசம்பர் முதல் மே வரை பரவல் அதிகம். அதாவது மூன்றாம் கேள்வியில் நான் நல்ல காலம் என்று சொன்னதன் பின்பகுதியும் இதில் அடங்கும்.

முழுக்கை, முழுக்கால் ஆடை அணிந்து, கால்சட்டை நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். காய்ந்த சருகில் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். சுகாதாரத் துறை மலைநாட்டு மக்களுக்குக் கொடுக்கும், உண்ணிகளை விரட்டும் டீபா எண்ணெய் கிடைத்தால் தடவிக்கொள்ளுங்கள். இறந்த குரங்கைப் பார்த்தால் கிட்டே போகாமல் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். அறைக்குத் திரும்பியதும் வெந்நீரில் குளித்து, அக்குள், முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களைத் தேடிப் பாருங்கள். பெங்களூருக்குத் திரும்பி ஒன்றிரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் வந்தால், மலைநாட்டுக் காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு என்று நினைத்துத்தான் தொடங்குவார்.

அம்மாவுக்கு முட்டி வலி. ஹொரநாடு கோயிலுக்கும் போகணும்ங்கறாங்க. அவங்களக் கூட்டிட்டு வரலாமா?

அவசியம் கூட்டிவாருங்கள். ஹொரநாடு அன்னபூர்ணேஸ்வரி கோயில் கலசாவிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே சாப்பாடு போடுகிறார்கள். கலசேஸ்வரர் கோயில் கலசாவிலேயே உண்டு. படிகள் ஏறவேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் மலை ஏறும் நாளில் அம்மா ஹோம்ஸ்டே திண்ணையில் இருக்கட்டும்; மறுநாள் கலசாவிலிருந்து குத்ரேமுக் வழியாகப் பூங்காவுக்குள் போகும் சாலையில் காரிலேயே அழைத்துச் செல்லுங்கள். கடம்பி அருவி சாலையோரத்திலேயே விழுகிறது, இறங்காமலே பார்க்கலாம். அனுமன்குண்டி அருவிக்கு நிறையப் படிகள் இறங்கி ஏறவேண்டும் என்பதால் முட்டி வலிக்காரர்களுக்கு வேண்டாம். இந்தச் சாலை காட்டின் நடுவே போகிறது. சோதனைச் சாவடியில் நேரம் குறித்துச் சீட்டு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், வழியில் நிறுத்திச் சமைப்பதும் சாப்பாட்டை இறைப்பதும் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். சாலையில் குரங்குக்குப் பழம் போடுவது, அதை அடுத்த வண்டியின் சக்கரத்துக்கு அழைப்பதற்குச் சமம்.

கன்னடம் சரளமா வராதே, சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். பெங்களூரில் கடைக்குப் போய்வரும் அளவுக் கன்னடம் போதும். சிக்கமகளூரு மாவட்டத்துக் காப்பித் தோட்டங்களில் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு. வழிகாட்டியிடம் 'அண்ணா' என்று தொடங்கினால் இரு மொழிக்கும் அது பொது.

மேலயே டென்ட் போட்டு, காலைல சூரிய உதயம் பாத்துட்டு இறங்கலாமா?

கூடாது. தேசியப் பூங்காவுக்குள் இரவு தங்குவதற்கும் நெருப்பு மூட்டுவதற்கும் அனுமதி இல்லை. பழைய படங்களைக் காட்டி 'எங்களுக்குத் தெரிந்த வழி இருக்கிறது' என்று கூட்டிப்போகிறவர்களை நம்பாதீர்கள். மதுவும் ஒலிபெருக்கியும் ட்ரோனும் வேண்டாம். உதயத்தை முல்லோடியிலிருந்தே பார்க்கலாம்.

அங்க பெரிய சுரங்கம் இருந்துச்சாமே? அத மூடினது எப்படி?

இருந்தது. 1976-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் ஒன்று இங்கே மேக்னடைட் இரும்புத்தாதை வெட்டியெடுத்தது. ஈரானுக்கு விற்பதற்காகத் திட்டமிடப்பட்டு, அங்கே 1979-இல் புரட்சி நடந்ததால் சந்தை மாறிப்போனது. அரைத்த தாதை நீரில் கரைத்து, குழாய் வழியாகவே மங்களூரு வரை கீழே அனுப்பினார்கள். மிஞ்சிய கழிவுமண்ணைத் தேக்க லக்யா ஓடையின் குறுக்கே ஏறத்தாழ 100 மீட்டர் உயர அணை கட்டப்பட்டது. வெட்டிய மலையில் இத்தனை மழை விழுந்தால் வண்டல் எங்கே போகும் என்று கேட்கவேண்டியதில்லை; பத்ரா ஆற்றில்தான்.

நாகரஹொளேயில் வனச்சரக அலுவலராக இருந்த கே. எம். சின்னப்பா, வைல்ட்லைஃப் ஃபர்ஸ்ட் என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பின் சார்பில் உச்சநீதிமன்றத்தில் முறையிட்டார். கோதவர்மன் வழக்கு என்று வழங்கும் வன வழக்கின் கீழ் அது விசாரிக்கப்பட்டது. அந்த வழக்கு நம் நீலகிரியின் கூடலூர்க் காடுகளைக் காக்க 1995-இல் தொடுக்கப்பட்டது. சின்னப்பாவின் முறையீட்டில் 2002-இல் தீர்ப்பு வந்து, 2005 டிசம்பர் இறுதியோடு சுரங்கம் நின்றது. இன்று ஊழியர் குடியிருப்பு பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கிறது. அணைப் பகுதிக்கு அனுமதி இல்லாமல் போகாதீர்கள். ஆனால் சாலையில் போகும்போது, படிக்கட்டுபோல வெட்டப்பட்ட செம்மண் சரிவுகளையும் அவற்றுக்கு எதிரே வெட்டப்படாத பச்சைச் சரிவுகளையும் ஒருசேரப் பாருங்கள். நான் ஒவ்வொரு முறையும் அங்கே வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்கிறேன்.

நக்சல் நடமாட்டம் இருக்குன்னு மாமா பயமுறுத்தறாரே?

உங்கள் மாமா சொல்வது பழைய நிலவரம். மலைநாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த இயக்கம் இருந்தது உண்மை. 2025 ஜனவரியில் அந்த இயக்கத்தைச் சேர்ந்த ஆறு பேர் பெங்களூரில் முதலமைச்சர் முன்னிலையில் சரணடைந்தார்கள். நான் போன எந்த முறையும் அந்தக் காரணத்தால் பயணம் தடைப்படவில்லை.

பாதி வழில பெருமழை பிடிச்சு ஓடை பெருகிட்டா?

இதுதான் இந்த மலையில் உண்மையான ஆபத்து. புலியும் பாம்பும் இதற்குப் பின்னால்தான். காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை மாலையில் இடுப்பளவு ஓடும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே முகட்டில் பெய்துகொண்டிருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் வெள்ளம் வருகிறது என்று பொருள். உடனே கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விடுங்கள்.

ஒரு செப்டம்பரில் எங்கள் குழு திரும்பும்போது இப்படி ஆயிற்று. வழிகாட்டி உட்காரச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தோம். எங்களில் ஒருவர் பேருந்து போய்விடும் என்று பொறுக்காமல் இறங்கினார். மூன்றாவது அடியில் கல் உருண்டது. வழிகாட்டி அவருடைய பையின் வாரைப் பிடித்து இழுத்ததால் உயிர் தப்பியது. பையிலிருந்த செல்போனும் கண்ணாடியும் போயின. அரை மணி நேரம் கழித்து அதே ஓடையில் முழங்கால் அளவு நீரில் அனைவரும் கைகோத்துக் கடந்தோம். அவருடைய கையை நான்தான் பிடித்திருந்தேன். கரையேறும்வரை அது நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஆகவே காலை ஆறரைக்குள் புறப்படுங்கள். சிகரம் எட்டினாலும் எட்டாவிட்டாலும் பிற்பகல் ஒரு மணிக்கு இறங்கத் தொடங்கிவிடுங்கள். திரும்பும் பேருந்தை அன்றிரவே போடாமல் மறுநாளுக்குப் பதிவு செய்யுங்கள். இடி இடித்தால் முகட்டிலும், ஐந்தாம் கேள்வியில் சொன்ன ஒற்றை மரத்தின் அடியிலும் நிற்காதீர்கள். செல்போன் சிக்னல் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். வீட்டில் எந்த ஹோம்ஸ்டே, எப்போது இறங்குவீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உள்ள குடியிருக்கறவங்கள வெளியேத்தறாங்களாமே. நாம அவங்க வீட்டுல தங்கறது சரியா?

பூங்கா அறிவிக்கப்படுவதற்குப் பல தலைமுறைகள் முன்பிருந்தே மலைக்குடியர் முதலான மக்கள் இந்தக் காட்டில் வாழ்கிறார்கள். விருப்பப்பட்டு வெளியேறுபவர்களுக்கு இழப்பீடு தரும் திட்டம் நடக்கிறது. சிலர் குழந்தைகளின் படிப்புக்காகப் போய்விட்டார்கள். சிலர் போக மறுக்கிறார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அவர்கள் இருக்கும்வரை, அவர்கள் வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, உரிய பணத்தைக் கையில் கொடுப்பது சரிதான். விளம்பரப் பலகையோடு ஐம்பது பேரை அடைக்கும் இடங்களைவிட, வீட்டுக்காரம்மா தன் கையால் பரிமாறும் வீட்டைத் தேடுங்கள். வெந்நீருக்கு விறகு காட்டிலிருந்துதான் வருகிறது. ஒரு வாளியில் குளித்து முடியுங்கள்.

எல்லாம் சரி, நாம போறதே காட்டுக்குக் கெடுதல்தானே?

ஓரளவுக்கு ஆம். ஒரு நாளில் இத்தனை பேர் என்ற வரம்பு அதனால்தான் வந்தது. அந்த வரம்பு நிரம்பிய நாளில் வேறு வழி தேடாமல் இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போடுவதே நாம் செய்யக்கூடிய முதல் உதவி. சாப்பிட்ட காகிதத்தைத் திருப்பிக் கொண்டுவருவது பற்றி எல்லோருக்கும் தெரியும்; நான் கேட்டுக்கொள்வது யாரும் கவனிக்காத ஒன்று.

நம் ஷூவின் அடியிலும் சாக்ஸிலும் பெங்களூருக் காலிமனைகளின் விதைகள் ஒட்டிக்கொண்டு போகின்றன. பார்த்தீனியம் போன்ற களை ஒரு சரிவில் வேரூன்றிவிட்டால், தண்ணீரைப் பிடித்துவைக்கும் அந்தப் புல்லுக்கு இடம் இருக்காது. புறப்படும் முந்தின நாள் இரவு ஷூவைக் குளியலறையில் வைத்து, அடிப்பள்ளங்களில் உள்ள மண்ணைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். சாக்ஸை உள்வெளியாகத் திருப்பி, ஒட்டியிருக்கும் விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள். என் ஒரு ஜோடி சாக்ஸில் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், முப்பத்தேழு இருந்தன.